கொடீனும் கப்பல் குளிசையும்

அம்பலவாணருக்கு இடுப்பைச் சுற்றி அக்கி போட்டது 1989ஆம் ஆண்டு மாசி மாதத்தில். இருபத்தேழு வருடம் ஊர்காவற்றுறைக்கும் எழுவைதீவுக்கும் இடையில் மோட்டர் வள்ளம் ஓட்டியவர், எந்தக் கடலுக்கும் முகம் சுளிக்காதவர், இப்போது இடுப்பில் கட்டிய சாரத்தின் நுனி பட்டாலே பல்லைக் கடித்துக்கொண்டு கரம்பொன் வீட்டில் கட்டிலோடு கிடந்தார். மனைவி சறோஜினிதேவிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வாடகைக் கார் பிடித்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ஒரு டொக்டரிடம் காட்டினாள். அவர் வலிக்குக் கொடீன் குளிசை கொடுத்தார். வீடு திரும்பினால் வாசலில் அவளுடைய தம்பி இரத்தினசபாபதி நின்றான். கப்பலில் வேலை பார்ப்பவன், லீவில் வந்திருந்தான். அத்தானின் இடுப்பைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தன் பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்தான். அசைக்ளோவிர் என்ற புது மருந்து, அக்கியை உண்டாக்குகிற கிருமியையே அடக்கிவிடும், கப்பலில் ஒருவனுக்கு இதைக் கொடுத்துத்தான் சுகமானது, நாளைக்கு ஐந்து முறை என்று ஒரே மூச்சில் சொன்னான். டொக்டர்மாருக்குத் தெரிந்தால் கோபிப்பார்கள், சொல்லவேண்டாம் என்றும் எச்சரித்தான். தான் கொண்டுவந்தது இருக்க வேறு மருந்து எதற்கென்று தம்பி மனம் நோவான் என்று, கொடீனைப் பற்றி அவளும் அவனிடம் மூச்சுவிடவில்லை.

ஆக, இரண்டு மருந்தும் அவள் கையால்தான் போயின. கப்பல் குளிசையைத் தம்பிக்கு முன்னால் கொடுத்தாள். கொடீனைக் குசினிக்குள் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்து, அவர் முனகும்போதெல்லாம் ஒன்று கொடுத்தாள். இரண்டாம் நாள் அவர் அதிகம் முனகியதால் சொன்ன அளவுக்கு மேலும் இரண்டு கொடுத்துவிட்டாள். அவர் அமைதியாக நித்திரை கொண்டார். எழுந்தால் சத்தி வந்து, குடித்த கஞ்சியெல்லாம் வெளியே போனது. தண்ணீரைக் காட்டினால் முகத்தைத் திருப்பினார். வலி குறைந்ததே போதும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, பக்கத்து வீட்டுக் கதிர்காமு சுகம் விசாரிக்க வந்து கட்டிலருகே நின்றார். அம்பலவாணர் கண்ணைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கதிர்காமு, நீர் பின்னுக்குப் போம். பாரம் ஒரு பக்கம் சரியுது."

கதிர்காமு ஒன்றும் விளங்காமல் பின்னால் நகர்ந்து அலுமாரியோடு ஒட்டி நின்றார். அடுத்ததாக இரத்தினசபாபதி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு குந்தும்படி உத்தரவு வாங்கினான். கூடை எதுவும் இல்லாவிட்டாலும் குந்தினான். அம்பலவாணர் வள்ளத்தின் சுக்கானைப் பிடித்தவர்போலக் காற்றில் எதையோ திருப்பினார். பிறகு திடீரென்று நிறுத்தினார்.

"சறோஜினி இன்னும் வரேல்லை. அவ வராமல் ஒருத்தரும் கயிறை அவிழ்க்கக் கூடாது."

அவள் அவருடைய கையைப் பிடித்தபடிதான் நின்றாள். கலியாணமாகி முப்பத்திநாலு வருடத்தில் "இஞ்சாரும்" என்பதைத் தவிர வேறு பெயரால் அவர் அவளைக் கூப்பிட்டதில்லை. சிரிப்பு வந்தது, அதோடு பயமும் வந்தது. கதிர்காமு அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே, கடலில் ஏதோ பேய் பிடித்துவிட்டது, நூல் கட்டுகிறவரைக் கூப்பிடுவோம் என்றார். சறோஜினிதேவி அவருடைய கையை விட்டாள். குசினிக்குள் போய்க் கொடீனை எடுத்தாள். தலைமாட்டிலிருந்த டப்பாவையும் எடுத்தாள். தம்பி பார்க்கப் பார்க்க இரண்டையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஊர் மருந்துச்சாலைக்கு விறுவிறென்று நடந்தாள்.

அங்கே மருந்து கொடுப்பவள் மாக்கிறேற். நாற்பது வயது, பெரிய மூக்குக்கண்ணாடி, யாரையும் அவசரப்படுத்தாத பெண். சறோஜினிதேவி இரண்டையும் மேசையில் வைத்தாள். தம்பிக்கு ஒளித்ததையும், டொக்டருக்குச் சொல்லாததையும், கூடுதலாகக் கொடுத்த இரண்டையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போதே கண் நிறைந்தது.

மாக்கிறேற் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அக்கா, அண்ணை எப்ப கடைசியா ஒண்டுக்குப் போனவர்?"

"நேற்று மத்தியானம் கொஞ்சம். பிறகு இல்லை, பிள்ளை."

மாக்கிறேற் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டே விளக்கினாள். கொடீன் நித்திரையும் சத்தியும் தரும். அதனால் தண்ணீர் உள்ளே போகவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் இந்தப் புது மருந்தை, சிறுநீரைப் பிரிக்கிற குண்டிக்காயால் வெளியேற்ற ஏலாது; அது உடம்பில் தேங்கி மூளையைக் குழப்பும். கொடீனும் அதே வழியால்தான் போகவேண்டும். அதுவும் சேர்ந்து தேங்கும். இரண்டும் நல்ல மருந்துதான், ஆனால் வயசுபோன, காய்ந்த உடம்பில் ஒன்றுக்கொன்று வழிமறித்து நிற்கின்றன. இனி ஒரு குளிசையும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

"பேய் இல்லையே, பிள்ளை?"

"பேயெண்டால் நான் என்ன செய்யிறது, அக்கா? இதுக்குச் சேலைன் இருக்கு."

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். காரில் போகும்போது இரத்தினசபாபதி அத்தானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தான்தான் கெடுத்துவிட்டதாகப் புலம்பினான். தானும்தான் என்றாள் அக்கா. இருவரும் முதல் தடவையாக எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அன்று பின்னேரம் சிறுநீர் வந்தது. இரண்டு நாளில் அம்பலவாணர் தெளிந்து, கஞ்சிக்கு உப்புக் காணாது என்று குறை சொன்னார். கொடீனை நிறுத்தி வலிக்குப் பனடோல் கொடுத்தார் டொக்டர். கப்பல் குளிசையைக் குறைந்த அளவில், நிறையத் தண்ணீரோடு தொடரச் சொன்னார். கொப்புளங்கள் காய்ந்தன. வலி இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனால் அவர் எழுந்து நடந்தார்.

நான் என்ன பேசினேன் என்று கேட்டவருக்கு, வள்ளம் ஓட்டினீர்கள் என்று மட்டும் சொன்னாள் சறோஜினிதேவி. மிச்சத்தையும், இரண்டு மருந்து வழிமறித்த கதையையும் கதிர்காமு சந்தையிலும் தபால் கந்தோரிலும் நடித்தே காட்டிவிட்டார். அதன் பலன் மாக்கிறேற்றின் தலையில் விடிந்தது. அடுத்த திங்கட்கிழமை மருந்துச்சாலை வாசலில் ஒன்பது பேர், ஆளுக்கொரு பிஸ்கற் தகரப் பேணி நிறையக் குளிசையோடு நின்றார்கள். சவூதிக் குளிசை, ஜேர்மன் குளிசை, யாரோ செத்தவருக்கு மிஞ்சிய குளிசை எல்லாம் இருந்தன. எது எதோடு சேரும், எது சேராது என்று சொல்லும்படி கேட்டார்கள்.

அவள் ஒவ்வொரு பேணியாகக் கொட்டி, பேர் வாசித்து, ஆகாததை ஒதுக்கினாள். கடைசியாகக் கதிர்காமு ஒரு பெரிய வெள்ளைக் குளிசையை நீட்டினார். வெளிநாட்டுச் சாமான், இடுப்பு, நாரி நோவுக்கு மாதத்துக்கு ஒரு குளிசையில் அரைவாசி குடிக்கிறேன், நல்ல குணம் என்றார்.

மாக்கிறேற் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மீண்டும் பார்த்தாள்.

"அண்ணை, இது மாட்டுக்குப் பூச்சி மருந்து."

கதிர்காமு குளிசையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அரைவாசிதானே, என்றார்.