எதுவும் சேர்க்காத குடுவை

எதுவும் சேர்க்காத குடுவையில் நீர் பச்சையாகியிருந்தது.

நடக்கக் கூடாத காரியம். நடுக்கடலில் எடுத்த நீர் அது. அந்தப் பக்கத்துக் கடலில் மற்ற சத்தெல்லாம் கொட்டிக் கிடக்கிறது, இரும்பு மட்டும் இல்லை. அதனால் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடக்கும். ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்துக் குடுவையில் அவள் துளி இரும்பு விட்டிருந்தாள். அது பச்சையானது சரி. இது எப்படி?

மேலதிகாரி குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கப்பலில் யாரோ கையுறை இல்லாமல் தொட்டிருக்க வேண்டும் என்றார். சொன்ன பிறகுதான் அந்த யாரோ யார் என்று உறைத்தது. குடுவையை மெல்லக் கீழே வைத்தார்.

"கொட்டிடும்மா," என்றார்.

நீர் எடுத்தவன் அவள் தம்பி. கையுறை போட்டுக் கயிறு பிடிப்பது குடை பிடித்துக்கொண்டு குளிப்பது மாதிரி என்பான். நங்கூரச் சங்கிலியைப் பிடித்துத் துரு படிந்த கையோடு தொட்டிருப்பான். மறுநாள் அலை அவனை அடித்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை.

அவள் கொட்டவில்லை. வாய் சும்மா இராமல், தம்பி கை பட்டுத்தான் பச்சையானது என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காத அம்மா, அன்று எழுந்து சாப்பிட்டாள். அதன்பின் சாயங்காலம் இவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேள்வி வந்துவிடும், பச்சை இருக்கிறதா என்று.

அந்த வாரக் கடைசியில் நீர் வெளிறத் தொடங்கியது. இரும்பு தீர்ந்துவிட்டது. இனி எல்லாம் அடியில் படியும், அவ்வளவுதான். அம்மாவிடம் பக்குவமாகத்தான் சொன்னாள்.

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"பசியில வாடுறான்னு சொல்றியா?"

"அது அவன் இல்லம்மா. பாசி."

"அதுக்குத்தான் ஏதாவது குடேன்."

ஆய்வகத்தில் இரும்புக் கரைசல் இருந்தது. எடுத்தாள், திரும்ப வைத்துவிட்டாள். அது யாருடைய கையும் படாதது. கையுறையைக் கழற்றி, துருப்பிடித்த சன்னல் கம்பியை உள்ளங்கை சிவக்கும்வரை பிடித்தாள். பிறகு விரலைக் குடுவைக்குள் விட்டாள். குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த நீர். விரலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

சில நாளில் பச்சை திரும்பியது, முன்பைவிட அடர்த்தியாக. வீட்டில் சொன்னாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது மூன்று தட்டு இருந்தது.

"அவன் வர நேரமாகும்," என்றாள் அம்மா. "நீ சாப்பிடு."