முப்பதாவது நாளின் ஸ்டாப்லாஸ்

காலை ஒன்பதே கால் மணி உங்களுக்கு எப்படியோ, எனக்கு அது தேர் வடம் பிடிக்கிற நேரம். ஒன்பது பதினாலுக்கே உள்ளங்கை வேர்த்துவிடும். அன்றைக்கு முப்பதாவது நாள் வேறு. எட்டரைக்கே சமையலை முடித்து, லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பங்குச் சந்தைக்கு என் முகம் தெரியப் போவதில்லை. இருந்தாலும் ஒரு மரியாதை வேண்டாமா?

எதிரே என் கணவர் கொளஞ்சியப்பன். தெர்மலில், அதாவது அனல்மின் நிலையத்தில், பாய்லர் டெஸ்க் ஆபரேட்டர். மற்ற நாட்களில் ஷிப்ட், தூக்கம், உறவில் கல்யாணம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அன்று ஆஃப். முதல் முறையாக நான் டிரேடிங் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கப் போகிறார். கையில் காபி, முகத்தில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரியின் தோரணை.

எங்கள் ஒப்பந்தத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பது சந்தை நாட்கள். லாபமா நஷ்டமா என்று அவர் கேட்கமாட்டார். ஆனால் விதிகளை நானே எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் ஒன்றை ஒரே ஒரு நாள் மீறினாலும் கணக்கை மூடிவிட வேண்டும். பிளாக் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து நான் சேர்த்த நாற்பதாயிரம் பேங்க் டெபாசிட்டுக்குப் போய்விடும், சார்ட் என்ற பேச்சே இந்த வீட்டில் இருக்காது. மீறாவிட்டால் அதன் பிறகு அவர் வாயைத் திறக்கக் கூடாது. அவருடன் வேலை பார்க்கும் ஒருவர் போனைத் தட்டித் தட்டியே மகளின் காலேஜ் பணத்தைக் கரைத்திருந்தார். அந்தப் பயம் இவருக்கு. நியாயம்தான், நான் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம்தான் கோபித்துக்கொண்டேன்.

எனக்கு இது எவ்வளவு முக்கியம் என்று அவருக்குப் புரியவில்லை என்பதுதான் என் எரிச்சல். நான் கணக்கில் பி.எஸ்சி. கல்யாணமாகி இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த எட்டு வருடமாக என் பொழுது அவருடைய ஷிப்டைப் பார்த்துத்தான் விடிந்தது, அடைந்தது. இந்தச் சார்ட் ஒன்றுதான் எனக்கே எனக்கென்று வந்தது. அதில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டை வரும், கேண்டில் என்பார்கள். ஒரு கேண்டிலைப் பார்த்தால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் விலை எங்கே தொடங்கியது, எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது, எங்கே முடிந்தது என்று தெரிந்துவிடும். அதைப் படிக்கத் தெரிந்த முதல் நாள் நான் வீட்டுக்குள் குதித்தேன். கீழ் வீட்டில் ஃபேன் ஆடியதாம்.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. நானும் மாடி வீட்டு சைமாவும் சேர்ந்து, யூடியூப் பார்த்தும் அடித்துக்கொண்டும் படித்தோம். சைமாவின் அப்பா வீடு பண்ருட்டி, முந்திரி வியாபாரம். ஆரம்பத்தில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொன்னால் இன்றைக்கும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

என்னவென்றால், எனக்குக் கோடு என்றாலே என் கணவர் சொன்ன கோடுதான். கண்ட்ரோல் ரூமில் திரை முழுக்கக் கோடுகள் ஓடுமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு செட் பாயின்ட், அதாவது அது நிற்க வேண்டிய இடம். கோடு கீழே இறங்கினால் மெஷினோ ஆபரேட்டரோ இழுத்து அந்த இடத்துக்கே கொண்டுவந்துவிடுவார்கள். நான் என்ன செய்தேன்? ஒரு சிமெண்ட் கம்பெனியின் பத்து நாள் விலைக்கு ஆவரேஜ் எடுத்து, குறுக்கே கோடு கிழித்து, ‘செட் பாயின்ட்’ என்று பெயரும் எழுதி, விலை அதற்குக் கீழே போகும்போதெல்லாம் வாங்கினேன். நல்லவேளை, நிஜப் பணம் இல்லை, நோட்டில்தான். அது இறங்கியது. வாங்கினேன். இன்னும் இறங்கியது. இன்னும் வாங்கினேன். இரண்டே வாரத்தில் நோட்டிலேயே திவாலாகிவிட்டேன்.

“அடிப்பாவி, வெலைக்கு எவன்டி செட் பாயின்ட் வச்சான்?” என்றாள் சைமா. “வாங்க ஆள் இருந்தா நிக்கும், இல்லன்னா எறங்கும். எங்கப்பா கடைக்கு வந்து ஒரு சீசன் நின்னு பாரு.”

இது டவுன்ஷிப்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய கோளாறு. இங்கே தண்ணீர் வரவில்லையா, லைட் எரியவில்லையா, மரம் சாய்ந்துவிட்டதா, ஒரு கம்ப்ளெயின்ட் நம்பர் இருக்கும். எதற்கும் ஒரு டெஸ்க், அதில் ஒரு ஆள். சந்தைக்கும் எங்கேயோ ஒருவர் ஷிப்டில் உட்கார்ந்துகொண்டு கோட்டைத் தூக்கிவிடுவார் என்று நம்பிவிட்டேன். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த அன்றுதான் எனக்குப் படிப்பு ஏற ஆரம்பித்தது. அதன்பிறகு எழுதியவைதான் என் விதிகள். முந்தின நாள் குறித்து வைத்த இடத்தில் மட்டும் வாங்குவேன். வாங்கிய அதே நிமிடம் ஸ்டாப்லாஸ் போடுவேன், அதாவது இந்த விலைக்கு இறங்கினால் தானாக விற்றுவிடு என்ற உத்தரவு. போட்ட ஸ்டாப்லாஸைக் கீழே இறக்கவே மாட்டேன்.

அவர் தன் பங்குக்கு ஒரு லாக் புக் வாங்கிவந்து கொடுத்தார். தெர்மலில் ஷிப்டில் நடந்தது எல்லாம் அதில் ஏற வேண்டுமாம். பேனாவால்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. தான் செய்த தப்பையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். “நடந்தத எழுது, நெனச்சத எழுதாத” என்றார். இருபத்தொன்பது நாட்களும் நான் எழுத எழுத, அவர் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒன்று மட்டும் பாக்கி.

சந்தை திறந்தது. என் கண் ஒரு பெயிண்ட் கம்பெனி மேல். அறுநூற்று நாற்பது ரூபாய் வரை அது மூன்று முறை இறங்கி வந்து மூன்று முறையும் திரும்பியிருந்தது. அங்கே வாங்க ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நாலாவது முறையும் அங்கிருந்து திரும்பினால், ஐம்பதைத் தாண்டுவதற்குள் வாங்குவது என்று முந்தின நாளே குறித்து வைத்திருந்தேன். பதினொன்றரை வரை ஒன்றும் இல்லை. அவர் இரண்டாவது காபி குடித்தார், பேப்பரை இரண்டு முறை படித்தார். “இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம் பண்ணின?” என்று கேட்டார்.

பதினொன்றே முக்காலுக்கு விலை சரசரவென்று அறுநூற்று நாற்பதைத் தொட்டு, அதே வேகத்தில் மேலே வந்து, நீளமாக ஒரு வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு மூடியது கேண்டில்.

“வந்துட்டான்!” என்று நான் கத்தியதில் அவர் காபியைக் கொட்டிக்கொண்டார். “பாருங்க இந்த வாலை! கீழ தள்ளிப் பாத்தாங்க, முடியல, வாங்குறவங்க தூக்கிட்டாங்க!”

அறுநூற்று நாற்பத்தாறில் நாற்பது பங்கு வாங்கினேன். அறுநூற்று முப்பத்தொன்பதில் ஸ்டாப்லாஸ். அறுநூற்று அறுபதில் விற்பதாகத் திட்டம். விலை ஏறியது. நாற்பத்தெட்டு. ஐம்பது. ஐம்பத்து மூன்று. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குள் தலையை விட்டார்.

“ஏறுது எழிலு! ஏறிகினே இருக்கு!”

“தெரியுதுங்க. கொஞ்சம் தள்ளுங்க, எனக்கு மறைக்குது.”

ஒரு மணிக்கு அது களைத்தது. ஐம்பது. நாற்பத்தாறு. நாற்பத்து மூன்று. இரண்டு பேருமே சாப்பாட்டை மறந்துபோனோம். நாற்பத்தொன்றில் வந்து நின்றுகொண்டு நடுங்கியது.

“ஸ்டாப்ப கீழ எறக்கு” என்றார் அவர்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. “என்னது?”

“ஒரு அஞ்சு ரூபா எறக்கி வைய்யி. மூணு தடவ இங்கதான் திரும்பிச்சின்னு நீதான சொன்ன? தானா மேல வந்துரும். சும்மா போய் ட்ரிப் ஆக்கிகினு நிக்காத!”

இதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. பாய்லரில் தண்ணீர் மட்டம் குறைந்தால் மெஷின் தானாக நின்றுவிடும், அதற்குப் பெயர் ட்ரிப். ட்ரிப் ஆகாமல் காப்பாற்றுவதுதான் டெஸ்க் ஆபரேட்டரின் பெருமை. பதினாறு வருடம் அதையே செய்த கை, இங்கேயும் சும்மா இருக்க மறுத்தது. பாவம், அவரும் ஒரு செட் பாயின்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மவுஸ் என் கையில் இருந்தது. இரண்டு முறை சொடுக்கினால் ஸ்டாப்லாஸ் கீழே போய்விடும். சொன்னதும் அவரே என்பதால், பிறகு ஒப்பந்தத்தைக் காட்டிச் சண்டையும் போடமாட்டார். ஆனால் நான்? எட்டு வருடத்தில் எனக்கென்று எழுதிக்கொண்ட ஒரே சட்டம் இது. அதையும் அவர் சொன்னார் என்று மாற்றினால், அப்புறம் என்னுடையது என்று என்னதான் இருக்கிறது?

மவுஸை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

“ஏங்க, தண்ணி மட்டம் எறங்கிட்டே இருக்கு. ட்ரிப் ஆகிடும்னு தெரியுது. அந்த செட்டிங்க நீங்களே கீழ எறக்கி வைப்பீங்களா?”

“அது ப்ரொடெக்‌ஷனயே பைபாஸ் பண்றது. அதெல்லாம் தொடக்கூடாது. பாய்லரே போயிரும்…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒன்று நாற்பதுக்கு விலை முப்பத்தொன்பதைத் தொட்டது. டொய்ங் என்று ஒரு சத்தம். விற்றாகிவிட்டது. இருநூற்று எண்பது ரூபாய் நஷ்டம், கமிஷன் தனி.

அதோடு விட்டதா? முப்பத்தெட்டு வரை இறங்கிப் பார்த்துவிட்டு, எனக்குப் பழிப்புக் காட்டுகிற மாதிரி திரும்பி, மூன்று மணிக்கு அறுநூற்று அறுபத்து மூன்றில் போய் நின்றது. அவர் சொன்ன ஐந்து ரூபாயை இறக்கியிருந்தால் லாபம்! அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘அப்பவே சொன்னேனே’ என்று குத்திக்காட்டாததற்கு நான் கோயில் கட்டுவேன்.

எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன். ஒரு நிமிடம் எரிந்தது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், அடக்கவே முடியவில்லை. முப்பது நாள்! ஒரு விதிகூட உடையவில்லை! மாடியில் சைமா கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“என்னடி ஆச்சு? லாபமா?”

“நஷ்டம்டி! இருநூத்தி எம்பது ரூபா நஷ்டம்!” என்று வாசலுக்கு ஓடி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன். எதிர் பிளாக்கில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் பரிதாபமாக என்னைப் பார்த்தார். சைமாவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. தடதடவென்று இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

மூன்றரைக்குச் சந்தை மூடியது. லாக் புக்கை எடுத்தேன். வாங்கிய நேரம், விலை, விற்ற நேரம், நஷ்டம். பிறகு பேனா தயங்கியது. நடந்ததை எழுது என்றவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். எழுதினேன்: ‘1.25. ஸ்டாப்லாஸை பைபாஸ் செய்யச் சொல்லிக் கேட்கப்பட்டது. மறுக்கப்பட்டது.’ அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். நிதானமாகப் படித்தார். காதுமடல் சிவந்துவிட்டது. பேனாவை வாங்கி, நான் நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதினார்: ‘கேட்டவர்: கொளஞ்சியப்பன். மறுத்தவர்: எழில்மதி. ப்ரொடெக்‌ஷன் சரியாக வேலை செய்தது.’

கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு பக்கத்தைத் திருப்பி, அடிஸ்கேலை வைத்துக் கோடு இழுத்து, மேலே முப்பத்தொன்று என்று எண் போட்டு நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, சோறு போடப் போனார்.