தவிட்டு மண்டி எலிகள்

பென்னாகரத்தில் தவிடு, புண்ணாக்கு மண்டி வைத்திருக்கிற எவனும் தன் மண்டியில் எலி இருப்பதாக ஒப்புக்கொள்ள மாட்டான். பக்கத்து மண்டியில் இருக்கும். எதிர் மண்டியில் கொழுத்துத் திரியும். நம்முடையதில் மட்டும் கிடையாது. என் அத்தா இருந்தவரை அப்படித்தான் சொன்னார். அவருக்குப் பிறகு என் அம்மா ஜான் பீயும் அதையே சொல்லி வந்தாள். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு, எலி வயிற்றுப் புழுவை ஆராய்ச்சி செய்கிற மருமகள் வந்து வாய்த்தாள்.

அன்ஜும் பொம்மிடிப் பெண். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது 'விலங்கியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள்' என்றார்கள். எந்த விலங்கு என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காதது எங்கள் தப்புதான். மனிதர்களை ஒட்டி வாழ்கிற எலி, சுண்டெலி வயிற்றில் என்னென்ன புழு இருக்கிறது, அதில் எது நம் பிள்ளைகளுக்கும் வரும் என்பதுதான் அவள் படிப்பு. எலிப் புழுக்கையில் நாடாப்புழுவின் முட்டை இருக்குமாம். அதைத் தவிட்டு வண்டு தின்னுமாம். அந்த வண்டை மறுபடி எலி தின்னுமாம். இதையெல்லாம் அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். நான் பாதியில் கை கழுவினேன்.

"உங்க மண்டி மாதிரி ஒரு எடம் கெடைக்காதுங்க" என்றாள். என் வியாபாரத்தை அவ்வளவு ஆசையாக யாரும் பாராட்டியதில்லை.

காலையில் பொறிக்கூண்டுகளைத் துணி சுற்றிப் பையில் வைத்து, பஸ் ஏறி, தர்மபுரியில் அவள் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோவாள். பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று கேட்டால் 'கோழிக்குஞ்சு' என்பாள். முதல் தடவை பிடித்த எலிகளில் புழுவென்றால் அப்படிப் புழு. அன்று மாலை எங்கள் எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்தாள். அவளை வழிநடத்துகிற பேராசிரியை மலர்விழி, இந்த ஆராய்ச்சிக்கு உயிரே தவிட்டு மண்டிதான் என்று சொன்னாராம்.

அதன் பிறகு அன்ஜும் மாசமானாள். சொந்தபந்தம் முழுக்க வந்து எங்கள் அம்மாவின் காதைக் கடித்தது. வயிற்றில் பிள்ளையோடு எலியை அறுப்பாளா, புழுவைத் தொடுவாளா, மாமியார் நீ என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று. அம்மா ஒருவருக்கும் மசியவில்லை. "அவ கவனமாத்தான் இருக்கா. நீங்க டீயக் குடிங்க" என்று வாயை அடைத்துவிடுவாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அன்ஜும் இரண்டாம் தடவை எலி பிடித்தாள். ஒன்றிலும் புழு இல்லை. மறுபடி பிடித்தாள். இல்லை. குடல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றாள். கடைத்தெரு எலியில் இருக்கிறது, வீட்டு எலியில் இருக்கிறது, புழுவுக்கே தலைநகரமான எங்கள் மண்டியில் இல்லை.

"நீ சரியாப் பாத்தியா அன்ஜும்?" என்று பேராசிரியை கேட்டுவிட்டார். காரணம் சொல்ல முடியாவிட்டால் மண்டியை ஆராய்ச்சியிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். மண்டி போனால் மிச்சம் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. "பிரசவத்துக்கு முன்னாடி முடிச்சாத்தாங்க உண்டு. அப்புறமா முடிக்கிறேன்னு போன பொண்ணுங்க யாருங்க திரும்பி வந்தாங்க?" என்றாள். நான் எலி பிடிக்கிற ஜாதியும் இல்லை, படித்தவனும் இல்லை. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

மறுநாள் டீக்கடையில் கோவிந்தனைப் பார்த்தேன். ஆடு மாடுகளுக்கு மருந்து விற்கிறவர். பக்ரீத்துக்காக எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு ஆடு வளர்ப்போம், அவற்றின் வயிற்றுப் புழுவுக்குக் கொடுக்கிற பூச்சி மருந்து அவரிடம்தான் வாங்குவது.

"என்னங்க பாய், பண்ணை வெச்சிட்டீங்களா?" என்றார். "அம்மா வாரந்தவறாம பூச்சி மருந்து வாங்கிட்டுப் போறாங்க. நாடாப்பூச்சிக்கும் சேத்துக் கேக்கிற மருந்தாப் பாத்து வாங்கறாங்க. ரெண்டு ஆட்டுக்கு இது தாங்காதுங்க, சொல்லி வையுங்க."

டீயை அப்படியே வைத்துவிட்டு மண்டிக்கு நடந்தேன். உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தட்டு. தட்டில் உதிர்த்த மசால் வடை. அதன்மேல் ஆட்டு மருந்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள், பிள்ளைக்குச் சோறு பிசைகிற மாதிரி.

"என்னம்மா பண்றே?"

"எலிக்குடா" என்றாள், ஆட்டுக்கு என்பதைப் போல. "ஆடு செனையா இருந்தா பூச்சி மருந்து குடுத்துச் சுத்தம் பண்றமில்ல? ஆட்டுக்குக் கேக்கிறது எலிக்குக் கேக்காதா?"

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பொறி வைக்க வந்த அன்ஜும், கையில் கூண்டோடு வாசலில் நின்றாள். எல்லாம் கேட்டுவிட்டாள்.

"என் வேலை மொத்தமும் போச்சுங்க மாமி" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அம்மா கையைக்கூடக் கழுவாமல் எழுந்தாள். "எல்லாரும் ஒன்ன நிறுத்தச் சொன்னாங்க கண்ணு. ஒங்கம்மாவே போன்ல அழுதுச்சு. நீ ராவும் பகலும் படிக்கிறதப் பாத்துட்டு எனக்கு நிறுத்த மனசு வரல. ஆனா பயமும் போவல. அதான், நீ தொடறதுக்கு முன்னால எலியச் சுத்தம் பண்ணிட்டா என்னன்னு…"

அன்ஜும் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் அழுகிறாளா, வேறு எதனாலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஊர் என் மனைவியைத் திருத்தச் சொன்னபோது, என் அம்மா எலியைத் திருத்தியிருக்கிறாள். கெடுத்துத்தான் விட்டாள், ஆனால் அந்த நிமிஷம் அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அன்ஜும் பேராசிரியைக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னாள்.  அவர் இருமல் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் கறாராகிவிட்டார். மருந்து தின்ற எலி எதுவும் கணக்கில் வராது, மருந்து தின்னாத எலி வேறொரு தவிட்டு மண்டியிலிருந்து உடனே வேண்டும் என்றார்.

நான் மண்டி மண்டியாக ஏறி இறங்கினேன். "நம்ம மண்டியிலயா? எலியா?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். பாக்கி இருந்தது எதிர் மண்டி வெங்கடாசலம் மட்டும்தான். அவரிடம் போக எனக்கு முகமில்லை. 'உன் மண்டி எலிதான் எங்கள் மூட்டையைக் கடிக்கிறது' என்று அம்மா ஒருநாள் வாடிக்கையாளர்கள் முன்னால் அவரைப் பேசிவிட்டாள். அதிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். சந்தை நாள், அவர் கடையில் கூட்டம். அவ்வளவு பேருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு ஒங்கள ஒரு வார்த்த சொன்னனுங்க. எலி எங்க மண்டியில இருக்குது. எப்பவும் இருந்துச்சு. இப்ப அதுங்களுக்கு மருந்து குடுத்து நானே எம் மருமவ படிப்பக் கெடுத்துட்டேன். பூச்சி இருக்கிற எலி வேணுங்க. ஒங்கள்ட்ட இருந்தா பிடிச்சிக்க விடுங்க."

கூட்டம் சிரித்தது. அம்மா நகரவில்லை. என் அம்மா யாரிடமும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. வெங்கடாசலம் தராசுத் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"பின்னால போயி பொறி வெச்சுக்கச் சொல்லுங்க தங்கச்சி" என்றார். "வடையில மட்டும் ஒண்ணும் கலக்கிடாதீங்க."

கூண்டு நிறைய எலி கிடைத்தது. காலை பஸ்ஸில் அன்ஜும் தர்மபுரிக்குப் போனாள். அம்மாவுக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழம்பில் உப்பைக் காணோம். சாயங்கால அஸர் தொழுகை முடிந்தும் அவள் பாயிலிருந்து எழவில்லை. எட்டிப் பார்த்தேன். இரண்டு கையையும் ஏந்தி, கண்ணை மூடி, சின்னக் குரலில் அல்லாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மருமகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகவேண்டும். பிள்ளை நோய்நொடியில்லாமல் பிறக்கவேண்டும். வெங்கடாசலம் அண்ணன் மண்டி எலி வயிறு நிறையப் பூச்சி இருக்கவேண்டும்.

என் போன் அடித்தது. அன்ஜும். என்ன ஆச்சு என்று கேட்பதற்குள், "மாமிகிட்ட குடுங்க" என்றாள்.

அம்மா பாயில் உட்கார்ந்தபடியே வாங்கிக் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "நெறையவா கண்ணு? சரி, சரி. கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு, மொதல்ல ஒரு வாய் சாப்பிடு."