எந்த வயரை அறுத்தால்

1
இந்தக் கதை எனக்குக் கெலிஓயா போகும் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்தில் இருந்த சரோஜினிதேவி சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வெளியே ஒரு பால்மா ஆலையில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எழுதட்டுமா என்றேன். "எழுதுங்கோ. ஆனால் என்னை அழவைக்க வேண்டாம்."

2
முதல் தொடக்கம்: 'கண்டியில் குண்டு வெடித்த வருடம். நடுங்கும் கைகளுடன் ஒரு தமிழ்ப் பெண்...'

(கைகள் நடுங்கவில்லையாம். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

ஆலைக்கு நீராவி தரும் கொதிகலன்தான் பொயிலர்; அதில் தண்ணீர் வற்றியும் நெருப்பு எரிந்தால் வெடித்துவிடும். அதனால் தண்ணீர் குறைந்ததுமே யாரையும் கேளாமல் நெருப்புக்கு எண்ணெய் விடும் வால்வு மூடிக்கொள்ளும். எது குறைந்தால் எது மூடும், ஏன், அதை எப்படிச் சோதிப்பது என்று அந்த ஆலையில் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதும் வேலை சரோஜினிதேவிக்கு வந்தது. பொயிலர்காரர் ஹலீமுடன் ஒவ்வொரு வயராகப் பின்தொடர்ந்து போய் எழுதினார். மிச்சத்தை வீட்டில் முடிக்கலாமென்று வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்ட அன்று, சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள்.

அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். கையில் ஒரு ஆலையின் குழாய், வால்வு எல்லாம் குறித்த படம். பஸ் அவரை விட்டுவிட்டுப் போயிற்று.

3
(இங்கே ஓர் இரவுச் சிறை எழுதினேன். போர்க்காலக் கதைக்கு அது இல்லாமல்... சரோஜினிதேவி வாசித்துவிட்டு, அன்று பின்னேரமே வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.)

நடந்தது இதுதான். பொலிஸ் அதிகாரி படத்தை மேசையில் விரித்து, எந்த வயரை அறுத்தால் பொயிலர் வெடிக்கும் என்று சிங்களத்தில் கேட்டார். சரோஜினிதேவிக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. தெரியும் என்றாலும் ஆபத்து, தெரியாது என்றாலும் ஆபத்து. ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டால் அவரால் சொல்லாமல் இருக்க முடியாது.

"இதிலே எதை அறுத்தாலும் பொயிலர் நின்றுவிடும், சேர்," என்றார் அதே மொழியில். "வால்வைத் திறந்து வைத்திருப்பதே கரண்ட்தான். வயர் அறுந்தால் வால்வு மூடும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அதைத்தான் எழுதுகிறேன்."

அதிகாரி ஆலைக்கு டெலிபோன் எடுத்து விசாரித்தார். பிறகு படத்தைத் தன் கையாலேயே சுருட்டிக் கொடுத்தார்.

4
ஆவணம் மூன்று மொழிகளிலும் பொயிலர் அறைக்கு வந்தது. சோதனை நாளில் ஹலீம் ஒரு வயரைக் கழற்ற, வால்வு டக்கென்று மூடி நெருப்பு அணைந்தது. "எனக்கு அது போதும், காணும்," என்றார் சரோஜினிதேவி.

எனக்குத்தான் காணவில்லை. விடுமுன் அந்த அதிகாரி அவருக்குத் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தாராம். குடித்தீர்களா என்று கேட்டேன். ஒருமுறை ஓம் என்றார். இன்னொருமுறை ஞாபகமில்லை என்றார். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய்யாகத் தெரியவில்லை.

தேத்தண்ணியில் இன்னும் ஆவி பறக்கிறது. கோப்பையை, வாசிக்கிற உங்கள் பக்கம் நகர்த்திவிடுகிறேன்.