பன்னிரண்டுக்குப் பத்து

கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்குள் ஈஸ்வரமூர்த்தி கட்டிய வீட்டில் எல்லா அறைக்கும் தரை போட்டாயிற்று. மகள் நித்யஸ்ரீக்கென்று கட்டிய அறை மட்டும் பாக்கி. அதற்கு வாங்கிய வெளிர்நீல டைல்ஸ் பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன.

அந்த அறையை முதலில் பதினோரு அடிக்குப் பத்தடி என்றுதான் முடிவு செய்திருந்தார்கள். மனையடி சாஸ்திரத்தில் இரண்டுமே நல்ல அளவு. அஸ்திவாரத்துக்குக் கோடு போட்ட அன்று, ஆறாம் வகுப்பு படித்த நித்யஸ்ரீ ஒரு பிடி சுண்ணாம்பை அள்ளி வந்து மண்ணில் எண்களை எழுதினாள்.

"அப்பா, பதினொண்ணை எதெது மீதியில்லாம வகுக்கும்? ஒண்ணு, பதினொண்ணு. பத்தை? ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, பத்து. ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு மட்டுந்தானுங்ப்பா. அப்ப ஓரடி டைல்ஸ்தான் வெட்டாம உக்காரும்."

"ஓரடி டைல்ஸ் பாத்ரூமுக்குத்தான கண்ணு போடுவாங்க."

"அதுக்குத்தான் பன்னெண்டாக்கச் சொல்றேன். பன்னெண்டுக்கும் பத்துக்கும் பொதுவுல பெருசு ரெண்டு. ரெண்டடி டைல்ஸ் முப்பது போதும். ஒண்ணைக்கூட வெட்ட வேண்டாம். உங்களுக்குக் கணக்கே வர்றதில்லீங்ப்பா!"

"பன்னெண்டு ஆகாதுங்க" என்றாள் மனைவி ரங்கநாயகி. "ஆகாத அளவுல கட்டுனா ஊட்டுக்கு நல்லதில்லைன்னு எங்கண்ணன் சொல்லும்."

"உங்கண்ணனா இந்த ரூமுல படுக்கப் போறாரு?" என்று சிரித்துவிட்டு அவர் கோட்டை ஓரடி தள்ளிப் போடச் சொன்னார்.

வாசல்நிலை வைப்பதற்கு முன்பே டெங்குக் காய்ச்சல் வந்தது. கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தும் நித்யஸ்ரீ திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு ரங்கநாயகி அவரை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் அழுது தீர்த்திருப்பார். "சோறு வெச்சிருக்குது" என்பதைத் தாண்டி அவளிடமிருந்து பேச்சே எழவில்லை. வீடு முடிந்து குடிவந்த பிறகும் அப்படியே. ஒரு நாள் காலையில், அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்த ரூமைப் பதினொண்ணாக்கிப்போடுங்க."

கொசு அளவு பார்த்தா கடிக்கிறது என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. அவருக்கே உள்ளுக்குள் அந்தப் பன்னிரண்டு உறுத்திக்கொண்டிருந்தது. இதைச் செய்தாலாவது அவள் பழையபடி பேசுவாள் என்று ஓரடி உள்ளே தள்ளிச் சுவர் எழுப்பினார்.

டைல்ஸ் ஒட்ட வந்த பிராங்குக்கு இதெல்லாம் தெரியாது. டேப்பை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"யாருங்ணா உங்களுக்கு அளவெடுத்தது? டைல்ஸை ஒரு ரூமுக்கு வாங்கிப்போட்டு செவுத்தை வேறொரு ரூமுக்குக் கட்டியிருக்கறீங்க!"

ஈஸ்வரமூர்த்தி ஜன்னலுக்கு வெளியே தென்னைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு போனான். கடைசியில், புதுச்சுவரோரம், ஓரடி அகலத்துக்குச் சிமெண்டுத் தரை மிஞ்சியது. ஒரு டைல்ஸை எடுத்து வைத்து வெட்டும் மிஷினை ஓட்டினான். வீடே கிறீச்சிட்டது. அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு ரங்கநாயகி ஓடி வந்தாள்.

"எதுக்குங்க வெட்டறீங்க?"

"பதினொண்ணு ரெண்டுக்குள்ள அடங்காதுங்கக்கா. ஓரடி மீதி நிக்குது. வெட்டித்தான் ஆகோணும்."

"வெட்டாதீங்க. வெட்டக் கூடாதுன்னுதான எம்புள்ள கணக்குப் போட்டா!"

பிராங்க் மிஷினை நிறுத்தினான். இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். புரிந்தோ புரியாமலோ, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனான்.

ரங்கநாயகி அந்த நீலத் தரையில் உட்கார்ந்தாள். தோப்பில் எங்கோ மட்டை விழுந்தது. அவர் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாந்தான் அம்மணி..." என்று தொடங்கினார்.

"பன்னெண்டு ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள் அவள். "எனக்கு எதையாவது குத்தஞ் சொல்லோணும்னு இருந்துச்சு. அதைச் சொல்லிப்போட்டேன்."

செவுத்தை இடிச்சிரலாமா என்று கேட்டார். அவள் தலையசைத்தாள், வேண்டாமென்று.

"இடிச்சு முப்பதையும் ஒட்டுனாலும் ரூம் காலியாத்தானுங்க கெடக்கும்."

மிச்ச டைல்ஸ் அந்தச் சுவரில் சாய்ந்தபடி இன்னும் நிற்கிறது. ஒன்றின் விளிம்பில் மட்டும் மிஷின் பட்ட வெள்ளைக் கீறல். அந்த ஓரடி வெறும் சிமெண்டாகவே கிடக்கிறது. ரங்கநாயகி தினமும் அதையும் சேர்த்தே கூட்டுகிறாள்.