பகா எண் எழுதிய சுவர்

மெத்தைத் தொழிற்சாலை நடத்திய அண்ணன், தம்பி இருவருக்கும் எண் ஆலோசகர் ஒருவர் அருள்பாலித்தார். எதனாலும் வகுபடாத பகா எண் ஒன்றை முன்சுவரில் எழுதினால் கூட்டுத்தொழில் பிரியவே பிரியாதாம். எண்ணையும் அவரே கண்டுபிடித்துத் தந்தார்: 48213657.

விளம்பரம் எழுதும் பெண் ஏணியில் ஏறி, ஆள் உயரத்துக்கு ஒவ்வோர் இலக்கமாகத் தீட்டினாள். கடைசி ஏழை முடித்ததும் சும்மா இல்லாமல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள். முப்பத்தாறு.

"அண்ணே, இது மூணால வகுபடுதே!"

"எட்டு இலக்கம்மா! இவ்வளவு பெரிசைப் போய் யாரு வகுக்கப் போறா?" என்றார் அண்ணன்.

அதற்குள் தம்பி கைப்பேசியில் வகுத்துப் பார்த்துவிட்டார். "மீதியே இல்லண்ணா. ஒன்பதாலயும் போகுது. இருபத்தேழாலயும் போகுது!"

அண்ணன் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "மூணோட நிறுத்தியிருக்கலாம்ல? பிரிக்கறதுல உனக்கு ஏன்டா இவ்வளவு ஆர்வம்?"

ஆலோசகர் அசரவில்லை. எண்ணில் பிழையில்லை, தான் சொன்னதைக் கேட்டவர்களின் காதில்தான் பிழை. கடைசி இலக்கம் ஏழல்ல, ஒன்பது என்றார். அவள் மறுபடி ஏறி ஏழை ஒன்பதாக்கினாள். மறுநாள் மதியத்துக்குள் தம்பி ஓடிவந்தார், தேர்வில் முதலிடம் பிடித்தவர் மாதிரி.

"அண்ணா, பதிமூணு!"

"என்ன பதிமூணு?"

"பதிமூணால வகுபடுது. ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தேன்."

"காலையிலேர்ந்து இதான் வேலையா? பிரிஞ்சு போறதுன்னு முடிவு பண்ணிட்டே. நேரா சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

முப்பது வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள். மூன்று மாதத்தில் தொழிற்சாலை இரண்டானது. ஸ்பிரிங் மெத்தை அண்ணனுக்கு, பஞ்சு மெத்தை தம்பிக்கு. நடுவில் எழும்பிய மதில் முன்சுவரையும் சரிபாதியாக வெட்டியது. அண்ணன் பக்கம் 4821, தம்பி பக்கம் 3659.

புதுப் பெயர்களை எழுத அவளையே கூப்பிட்டார்கள். தம்பியின் பாதியைப் பார்த்ததும் அவளுக்குக் கை அரித்தது. ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று ஐம்பத்தொன்பது வரைக்கும் காகிதத்தில் வகுத்துப் பார்த்தாள். எதற்கும் மசியவில்லை.

"சார், உங்க பக்கம் இருக்கறது அசல் பகா எண்!"

மதிலுக்கு அந்தப்பக்கம் கேட்கும்படி தம்பி சிரித்தார். கேட்டுவிட்டது. அண்ணன் அவளைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"என்னோடது எப்படிம்மா?"

"மூணால வகுபடும்ண்ணே."

அவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே, அவருடைய மூன்று மகன்களும் யாருக்கு எந்த அறை என்று சத்தம்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பெயர் அப்புறம் எழுதலாம். முதல்ல வெள்ளை அடி," என்றார்.