வயிற்றுவலிக்காரியின் விரல்கள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக் கூடத்தில், கண்ணில் சொட்டு மருந்து விட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரி கொடுத்த கதை இது. மருந்து கண்ணை மறைப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

"என்னம்மா வேலை பாக்குறே?" என்று கேட்டேன்.

"நோயாளி வேலைதாங்க்கா."

கேலி என்று நினைத்தேன். கேலி இல்லை.

2

'அவள் விழிகளில் சோகத்தின் நிழல்…' (வேண்டாம். அவள் முகத்தில் பசிதான் இருந்தது.)

'மருத்துவம் என்பது ஒரு…' (எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது.)

சரி, நேராகவே சொல்கிறேன். மருத்துவக் கல்லூரியில் அவளுக்குப் பெயர் வயிற்றுவலிக்காரி. பன்னிரண்டு வருடமாகத் தேர்வு அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடிக்கிறாள். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து ஆறு நிமிடம் விசாரிப்பார்கள். முகம் பார்த்தாரா, தொடுமுன் கேட்டாரா என்று அவள் தாளில் குறிப்பாள். முன்பெல்லாம் டாக்டர் அதட்டுவார், நாம் தலையாட்டுவோம். இப்போது செல்போனில் படித்துவிட்டுப் போய் எதிர்க்கேள்வி கேட்கிறோம். அதனால் புது டாக்டர்களை அதட்டாமல் பேசப் பழக்குகிறார்கள். இந்த வருடம் அவளுக்கு வாதாடும் வேடம்.*

* சுலபமாக வந்ததாம். வீட்டுக்காரரிடம் எடுத்த பயிற்சி.

3

இன்று காலை வந்தவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் ஒட்டகம். இதே தேர்வில் இரண்டு முறை தோற்றவன். மூன்றாவது முறையும் தோற்றால் கல்லூரியை விட்டே போக வேண்டியதுதான்.

(முதலில் அவனை அன்பானவனாக எழுதினேன். எட்டிப் பார்த்து, "அதெல்லாம் இல்லக்கா, சிடுமூஞ்சி" என்றாள். திருத்திவிட்டேன்.)

மனப்பாடக் கேள்விகளைச் சுவரைப் பார்த்து ஒப்பித்தான். கடைசிக் கேள்வி, "வேற ஏதாவது சொல்லணுமா?"

'இல்ல டாக்டர்' என்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் சொல்லும் பதில். இன்று வாய் தவறிவிட்டது.

"ரெண்டு வாரமா இந்த விரலுங்கள்ல உணர்ச்சியே இல்ல. அடுப்புல சுட்டாக்கூடத் தெரியல."

ஒட்டகம் குனிந்தது. கேட்காமல் கையைப் பிடித்துச் சூட்டுக்காயத்தைப் பார்த்தது.

"ஏம்மா, அறிவிருக்கா? ரெண்டு வாரமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"தம்பி, மெதுவா. மார்க்கு போயிடும்," என்றாள் ரகசியமாக.

"மார்க்கு கெடக்கட்டும். இங்க தொட்டாத் தெரியுதா? இங்க?"

மணி அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. கேள்வித்தாளின் பின்பக்கம் ஏதோ கிறுக்கிக் கொடுத்தான். "நரம்பு டாக்டர்கிட்ட இன்னிக்கே போங்க. நாளைக்கு வந்து கேப்பேன், போனீங்களான்னு."

4

அந்தச் சீட்டோடு நரம்பு டாக்டரைப் பார்க்கத்தான் இங்கே வந்திருந்தாள். மதிப்பெண் தாள் என் மடியில், அவளால் பேனா பிடிக்க முடியாததால். அவள் சொல்லச் சொல்ல நான் குறித்தேன். தொடுமுன் கேட்டாரா? இல்லை. அதட்டினாரா? ஆமாம்.

"பாவம், ஒண்ணு ரெண்டு கூடப் போடட்டுமா?"

"வேண்டாங்க்கா. பொய் எழுதத் தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ பெரிய ஆளாயிருப்பேன்."

மிச்சம் கடைசிக் கேள்வி. இந்த வருடம் புதிதாகச் சேர்த்தது, பாதி மதிப்பெண் அதற்கே: இவரிடம் மறுபடியும் வருவீர்களா?

'வருவேன்' என்றால் அவன் தேறிவிடுவான். ஆனால் கீழே காரணம் எழுத வேண்டும். உண்மையை எழுதினால், அவளுக்கு நிஜமாகவே நோய் என்று கல்லூரிக்குத் தெரிந்துவிடும். நிஜ நோயாளிகளுக்கு அந்த வேலையில் இடமில்லை, விதி அப்படி.

"என்ன போடட்டும்?" என்றேன். அதற்குள் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க கதை எழுதுறவங்கதானே, பாத்துப் போடுங்க," என்று உள்ளே போய்விட்டாள்.

5

மூன்று மணிக்குள் தாள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். இப்போது இரண்டே முக்கால்.

'வரமாட்டேன்' என்று போட்டால், நாளை அவன் விசாரிக்க வருவான், மாணவனாக இல்லாமல். 'வருவேன்' என்று போட்டு, பொய்க் காரணம் ஒன்று… (பொய்தான் என் தொழில். ஆனால் இது அவள் தாள்.)

உள்ளே ஒருவர் அவளை அதட்டுவது கேட்கிறது. எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. இதைப் படிக்கிற கண்ணுகளா, பேனாவை நீங்கள் பிடியுங்கள். காரணத்துக்கு ஒரு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள்.